அத்தியாயம் 9: வெட் வைப்ஸும் நாலு இஞ்ச் குழாயும்

கழிப்பறை அடைத்துக்கொண்டால் முன்பெல்லாம் சந்தேகப்படுவதற்கு அதிகப் பொருள்கள் இருக்காது. நாப்கின், கிழிந்த துணி, தலைமுடி, குழந்தை விளையாட்டாகப் போட்ட சீப்பு, ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த முனை. அடைப்பு எடுப்பவரின் கம்பியில் மாட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். இப்போது அந்தக் கம்பியின் முனையில் சாம்பல் நிறத்தில், நீளமாக, வழவழவென்று ஒன்று சுருண்டு வருகிறது. இழுத்தால் நீள்கிறதே தவிர கிழிவதில்லை. அதுதான் வெட் வைப்ஸ்.

நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். டாய்லெட் பேப்பர் பழக்கமே பெரும்பாலான வீடுகளில் கிடையாது. அப்படியிருந்தும் வைப்ஸ் நம் குழாய்களுக்குள் போகிறதென்றால், அது வரும் வழி வேறு. பச்சைக்குழந்தை இருக்கும் அறையிலிருந்தும், படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவரின் அறையிலிருந்தும்தான் அது வருகிறது. இரண்டு இடத்திலும் ஆளைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோக முடியாது. படுக்கையிலேயே துடைத்தாக வேண்டும். துடைத்த பிறகு கையில் மலம் ஒட்டிய ஒரு துண்டு இருக்கிறது. மலம் போக வேண்டிய இடம் கழிப்பறை, ஆகவே இதுவும் அங்கேதான் போக வேண்டும் என்று மனம் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. சமையலறைக் குப்பைக்கூடையில் போட யாருக்கும் மனசு வராது. இரவு 2 மணிக்குக் குழந்தைக்கு டயப்பர் மாற்றும் தாயையோ, முதலாளி வீட்டில் வாடை வரக்கூடாது என்று பதறும் ஹோம் நர்ஸையோ குறை சொல்லிப் பயனில்லை. மூடிபோட்ட ஒரு கூடை அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்பதுதான் குறை.

மேக்கப் கலைக்கும் வைப்ஸ், கொரோனா காலத்தில் பழக்கமான கிருமிநாசினி வைப்ஸ், டாய்லெட் சீட்டைத் துடைக்கும் வைப்ஸ் எல்லாமே இந்த அத்தியாயத்தில் ஒரே இனம்தான்.

காகிதம் அல்ல, துணி

வைப்ஸைப் பார்த்தால் ஈரமான டிஷ்யூ பேப்பர் என்றுதான் தோன்றும். உண்மையில் அது நெய்யாத துணி. பாலியஸ்டர், பாலிப்ரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் இழைகளும், மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ் இழையும் பல விகிதங்களில் கலந்தது. இழைகளை ஒரு படுகையாகப் பரப்பி, அதன் மேல் ஊசி முனையளவு துளைகளிலிருந்து கடும் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். அந்தத் தாரைகள் இழைகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து முறுக்கிவிடும். தறியும் இல்லை, பசையும் தேவையில்லை; துணி தயார். தண்ணீரின் வேகத்தாலேயே பின்னப்பட்ட ஒன்றை, ஃப்ளஷ் டேங்கிலிருந்து விழும் தண்ணீர் வந்து பிரித்துவிடும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

டாய்லெட் பேப்பர் செய்யும் விதமே வேறு. மிகக் குட்டையான மரக்கூழ் இழைகள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டியிருக்கும். நனைந்ததும் அந்தப் பிடி விட்டுவிடும். கொஞ்சம் கலக்கினால் கஞ்சியாகிவிடும். வைப்ஸ் பாக்கெட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் ஈரமாகக் கிடக்கிற பொருள். ஈரத்தில் கரையக்கூடியதாக இருந்தால் கடை அலமாரியிலேயே கூழாகியிருக்கும். ஈரத்தைத் தாங்குவதுதான் அதன் வேலை. குழாய்க்குள்ளும் அது அதே வேலையைத்தான் ஒழுங்காகச் செய்கிறது.

நம்பிக்கை வரவில்லையென்றால் மூடியுள்ள இரண்டு பாட்டில்களை எடுங்கள். ஒன்றில் டாய்லெட் பேப்பர் நாலைந்து கிழி, இன்னொன்றில் ஒரு வைப்ஸ். பாதியளவு தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் குலுக்கி, இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் மறுபடி குலுக்குங்கள். முதல் பாட்டிலில் கலங்கல்தான் இருக்கும். இரண்டாவதில் இருப்பதை எடுத்துப் பிழிந்து மேசையைத் துடைக்கலாம். மூன்றாவது பாட்டில் கிடைத்தால் அதில் முகம் துடைக்கும் டிஷ்யூவையும் போட்டுப் பாருங்கள். அதுவும் சுலபத்தில் கரைவதில்லை. ஈரத்தில் கிழியாமல் இருக்க அதிலும் ஒரு பிசின் சேர்க்கிறார்கள். கிச்சன் டவலுக்கும் இதே கதை. "காகிதம்தானே" என்று இவற்றையும் கோப்பையில் போடுகிறவர்கள் உண்டு.

எங்கே மாட்டுகிறது

வெஸ்டர்ன் கோப்பைக்கு அடியில் ஒரு வளைவு உண்டு. ட்ராப் என்பது அதுதான். அதில் எப்போதும் சுமார் 2 அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நின்று, சாக்கடை வாடையை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கும். இந்தியன் கோப்பைக்கும் தரைக்கு அடியில் இதே ஏற்பாடு உண்டு. வைப்ஸ் முதலில் சிக்குவது இங்கேதான். முழுவதும் அடைக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வளைவின் மேட்டில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கமாகத் தொங்கினாலே போதும்; துணி தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிச் சொட்டுச்சொட்டாக அந்தப் பக்கம் இறக்கிவிடும். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் சாக்கடை நாற்றம். எங்கும் அடைப்பு இல்லையே என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள்.

ட்ராப்பைத் தாண்டிவிட்டால் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய். நம் ஊரில் எல்லாரும் நாலு இஞ்ச் குழாய் என்று சொல்வது இதைத்தான். குழாய் அகலமாக இருக்கிறதே, ஒரு கைக்குட்டையளவு துணி போகாதா என்று கேட்கலாம். குழாய் எப்போதும் நிறைந்து ஓடுவதில்லை; படுத்திருக்கும் குழாயில் தண்ணீர் அடியில் மட்டும்தான் ஓடும். மலத்தை மிதக்க வைத்து இழுத்துப்போக அந்தத் தண்ணீர் போதும். துணி மிதக்காது, குழாயின் தரையில் ஒட்டிக்கொண்டு இழுபடும். பழைய ஃப்ளஷ் டேங்க்கில் 10 லிட்டர் வரை விழுந்தது. இப்போதைய இரட்டைப் பொத்தான் டேங்க்கில் பெரிய பொத்தானுக்கு 6 லிட்டர், சின்னதற்கு 3 லிட்டர். தண்ணீரைச் சேமிக்க இது தேவைதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 3 லிட்டரில் புறப்பட்ட வைப்ஸ் பாதி வழியில் நின்றுவிடும். அடுத்த தண்ணீர் வந்து கொஞ்ச தூரம் தள்ளும். அப்படி நின்று நின்று போகும்போது எங்கே ஒரு சொரசொரப்பு கிடைக்கிறதோ அங்கே பற்றிக்கொள்ளும்.

சொரசொரப்புக்குப் பஞ்சமில்லை. குழாயை அறுத்த பிறகு ஓரத்தை அரம்போட்டுத் தேய்க்காமல் இணைத்த மூட்டுகள், 90 டிகிரி எல்போக்கள், பழைய வீடுகளின் ஸ்டோன்வேர் குழாய்களில் இணைப்பு வழியாக உள்ளே துருத்தும் சிமெண்ட், அதே இணைப்பில் நுழைந்த மரவேர். இவற்றில் ஒரு துண்டு மாட்டினால் அடுத்து வரும் துண்டு அதில் மாட்டும். தலைமுடி சேரும். எல்லாம் முறுக்கிக்கொண்டு, சடை பின்னியதுபோல ஒரே கயிறாகிவிடும்.

கிளைக் குழாயின் சரிவும் முக்கியம். நாலு இஞ்ச் குழாய்க்கு 40 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம் என்பது பழைய கைக்கணக்கு. வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று குளியலறையை, செங்குத்தாக இறங்கும் நேர்க்குழாயிலிருந்து தூரத்துக்குத் தள்ளிக் கட்டியிருந்தால், குளியலறைத் தரைக்கடியில் குழாய்க்காகத் தாழ்த்திப் போட்ட சங்கன் ஸ்லாபுக்குள் அந்த இறக்கம் கிடைத்திருக்காது. அந்த வீட்டில் பத்து வருடம் சாதாரணமாக ஓடிய கழிப்பறை, குழந்தை பிறந்த ஆறே மாதத்தில் அடைக்க ஆரம்பிக்கும். தப்பு முழுக்க வைப்ஸ் மேல் அல்ல, ஆனால் குழாயின் குறையைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அதுதான். புதிதாகக் குழாய் போடுகிறவர்கள் ஒரு 90 எல்போவுக்குப் பதில் இரண்டு 45 போடச் சொல்லுங்கள். திருப்பங்களில் கதவு வைத்த டோர் பெண்டு கேளுங்கள். விலை வித்தியாசம் சொற்பம். நாளை அடைத்தால் டைல்ஸ் உடைக்காமல் வேலை முடியும்.

இதற்கு அப்பால் இருப்பது வாசல் பக்கத்துச் சேம்பர். சமையலறைத் தண்ணீரும் கல்லி ட்ராப் வழியாக வந்து இங்கேதான் கலக்கும். அப்பளம் பொரித்த எண்ணெய், குழம்பின் மேல் மிதந்த நெய், சோப்பு நுரை எல்லாம் இதில் வந்து சேரும். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் உள்ள பகுதிகளில் சோப்பும் கொழுப்பும் அதோடு சேர்ந்து வெள்ளைக் கட்டியாக உறையும். தனியாக இருந்தால் அந்தக் கட்டி உதிர்ந்து போயிருக்கும். உள்ளே துணி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வளரும்.

லண்டன் ஒயிட்சாப்பல் பகுதியின் பாதாளச் சாக்கடையில் 2017-இல் கண்டெடுத்தது இதே கலவைதான், அளவு மட்டும் வேறு: 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. அதில் வெட்டியெடுத்த ஒரு துண்டை மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்தார்கள். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 2018-இல் கழிவுநீர்ப் பம்புகள் நின்றுபோக, முக்குளிப்பவர்களைச் சாக்கடைக்குள் 80, 90 அடி ஆழத்துக்கு இறக்கி, கையால் தடவித்தான் வைப்ஸ் பொதிகளை எடுத்தார்கள். நம் கவலை வீட்டுச் சேம்பரோடு நிற்பதால் அங்கேயே திரும்பிவிடலாம்.

முன்கூட்டியே தெரியும்

வைப்ஸ் அடைப்பு ஒரே நாளில் வருவது அரிது. அதற்கு முன்னால் வீடு சில சைகைகள் காட்டும். ஃப்ளஷ் செய்ததும் கோப்பையில் தண்ணீர் வழக்கத்துக்கு மேல் ஏறி, பிறகு மெதுவாக இறங்கும். ஃப்ளஷ் செய்யும்போது குளியலறைத் தரையின் நானி ட்ராப்பில் குளுக் குளுக்கென்று சத்தம் வரும். முன்னால் அடைப்பு இருப்பதால் குழாய்க்குள் உள்ள காற்று வேறு வாசல் தேடுகிறது. வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போது கோப்பையில் நீர்மட்டம் ஆடும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலே ஆளைக் கூப்பிடுங்கள். அப்போது கூப்பிட்டால் பெரும்பாலும் அரைமணி நேர வேலை. வழிந்த பிறகு கூப்பிட்டால் கம்பளமும் கட்டில் காலும் சேர்ந்து கெடும்.

அடைப்பு எங்கே என்பதையும் ஆள் வருமுன் நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரே ஒரு கழிப்பறை மட்டும் மக்கர் செய்தால் அடைப்பு அந்தக் கோப்பையின் ட்ராப்பிலோ அதன் கிளைக் குழாயிலோ இருக்கிறது. ஒரே நேர்க்குழாயில் சேரும் எல்லாக் கழிப்பறைகளும் மந்தமானால், அந்தக் குழாய் தரையைத் தொட்டுத் திரும்பும் அடி பெண்டைச் சந்தேகியுங்கள். வீடு முழுக்க நின்றுவிட்டதென்றால் வெளியே போய்ச் சேம்பர் மூடிகளை வீட்டுப் பக்கத்திலிருந்து தெருப் பக்கமாக வரிசையாகத் திறந்து பாருங்கள். திறந்ததும் முகத்தை உள்ளே நீட்டாதீர்கள், கொஞ்சம் காற்றாடட்டும். நிறைந்து நிற்கும் கடைசிச் சேம்பருக்கும் காலியாக இருக்கும் முதல் சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. எல்லாமே நிறைந்திருந்தால் கோளாறு தெருவில். பிளம்பருக்குக் காசு கொடுத்துப் பயனில்லை. சென்னையில் என்றால் குடிநீர் வாரியத்தின் 1916-க்குச் சொல்லுங்கள், ஜெட்டிங் வண்டி வரும். மற்ற ஊர்களில் நகராட்சி, மாநகராட்சி அலுவலகம்.

ஆசிட்டை வையுங்கள் கீழே

அடைத்ததும் நம் கை முதலில் போவது ஆசிட் பாட்டிலுக்கு. வைப்ஸ் அடைப்புக்கு இதைவிட வீணான வேலை கிடையாது. பாலியஸ்டரும் பாலிப்ரொப்பிலீனும் கழிப்பறை ஆசிட்டுக்கு அசைந்து கொடுப்பவை அல்ல. அடைத்த தண்ணீரோடு சேர்ந்து ஆசிட் அங்கேயே நிற்கும். பிறகு அடைப்பு எடுக்க வருகிறவர் அதில்தான் கை வைப்பார், அதுதான் அவர் முகத்தில் தெறிக்கும். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் அவர் வேலையைத் தொடங்குமுன் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காஸ்டிக் சோடா கொழுப்பைக் கரைக்கும், துணியை அல்ல. ஆசிட் ஊற்றிய குழியில் ப்ளீச்சிங் பவுடரைப் போட்டால் கிளம்புவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது உயிர் பிரச்சினை. கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். பீங்கான் கீறல் விடும், பிவிசி குழாய் இளகி மூட்டு நெளியும்.

செய்ய வேண்டியது இது. மறுபடி ஃப்ளஷ் செய்யாதீர்கள். ஆங்கிள் வால்வை மூடுங்கள். கோப்பையில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் துணி இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு இழுத்தெடுங்கள். இல்லையென்றால் ரப்பர் கப் வைத்த பம்ப். இதில் ஒரு நுணுக்கம்: சிங்க்குக்கான தட்டைக் கப் கோப்பை வாயில் சரியாக உட்காராது, அடியில் இன்னொரு குழல் நீட்டிய கப்பாக வாங்குங்கள். கப் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். அழுத்தத்தில் காட்டும் பலத்தை இழுப்பதில் காட்டுங்கள். துணியை முன்னால் தள்ளுவதைவிடப் பின்னால் இழுப்பதுதான் நமக்கு லாபம்.

பிளம்பர் வந்தால் இதையே அவரிடமும் கேளுங்கள். மூங்கில் பிளாச்சாலோ கம்பியாலோ குத்தி முன்னால் தள்ளிவிட்டு, தண்ணீர் இறங்கியதும் "போயிடுச்சு சார்" என்பது சுலபமான வேலை. மலமோ கொழுப்போ என்றால் அது போதும். வைப்ஸ் போகாது, அடுத்த வளைவில் போய் உட்கார்ந்து இரண்டு வாரத்தில் அவரையே மறுபடி வரவழைக்கும். முனையில் கொக்கியுள்ள ஸ்பிரிங் கம்பியை விட்டுச் சுழற்றினால் துணி அதில் சுற்றிக்கொண்டு வெளியே வரும். என்ன வந்தது என்று உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். காட்டினால்தான் அடைப்புக்குக் காரணம் வைப்ஸா, நாப்கினா, மரவேரா என்று தெரியும். அடுத்து என்ன செய்வது என்பதும் அதைப் பொறுத்தது.

அடுக்குமாடியில்

அடுக்குமாடியில் வைப்ஸ் போட்டவர் வீட்டில் அடைப்பதில்லை என்பதுதான் சண்டைக்கே காரணம். மூன்றாம் மாடியிலிருந்து செங்குத்தாக விழும்போது எதுவும் மாட்டாது. அடி பெண்டில்தான் மாட்டும். அதற்கு மேலே உள்ள எல்லா வீட்டுத் தண்ணீரும் அங்கே தேங்கி, வெளியேற வழி தேடும்போது முதலில் கிடைப்பது தரைத்தள வீட்டின் நானி ட்ராப். யாரோ போட்டது யாரோ வீட்டுக் குளியலறையில் பொங்குகிறது. தரைத்தளத்துக்காரர் கதவைத் தட்டினால் மேல்மாடிக்காரர் "எங்க வீட்ல நல்லாத்தானே போகுது" என்பார், பொய்யில்லாமலே. அந்த நேரத்தில் அசோசியேஷன் செய்ய வேண்டிய முதல் வேலை விசாரணை அல்ல. அந்தக் குழாயில் சேரும் எல்லா வீடுகளுக்கும் தண்ணீர் விடாதீர்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்லுவதும், போன் எடுக்காதவர் வீட்டுக் கதவைத் தட்டுவதும்தான். தரைத்தளத்தைத் தனிக் குழாயில் சேம்பருக்கு இறக்கியிருந்தால் இந்தத் தொல்லை வராது. புதிதாக வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் பில்டரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய குடியிருப்புகளில் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து பம்ப் மூலம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றுவார்கள். பம்பின் விசிறியில் வைப்ஸ் சுற்றிக்கொண்டால் மோட்டார் இழுத்து இழுத்துச் சூடாகிக் காயில் எரியும். கட்டர் பம்ப் போட்டுவிட்டோமே என்பார்கள். அது துணியை நாடா நாடாவாகக் கிழித்து அனுப்புகிறது. அந்த நாடாக்கள் போகும் வழியில் மறுபடி முறுக்கிக்கொள்கின்றன. பம்புக்கு முன்னால் இருக்கும் கம்பி வலையில் சேருவதைத் தினமும் வாருகோலால் வாரியெடுப்பது அங்கே வேலை செய்பவர். மெயின்டனன்ஸ் கூட்டத்தில் பம்ப் ரீவைண்டிங் செலவு வரும்போது, வலையில் என்ன வருகிறது என்று அவரை ஒருமுறை பேசச் சொல்லுங்கள். சுற்றறிக்கையைவிட அது உறைக்கும்.

செப்டிக் டேங்க் வீடுகள்

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் வைப்ஸ் போய்ச் சேரும் இடம் உங்கள் வீட்டு முற்றத்துக்கு அடியிலேயே இருக்கிறது. செப்டிக் டேங்க் மலத்தைப் பாக்டீரியாவிடம் கொடுத்துக் குறைக்கும் ஏற்பாடு. பிளாஸ்டிக் இழையை அந்தப் பாக்டீரியா தொடாது. வைப்ஸ் மேலே மிதக்கும் ஆடையோடு சேர்ந்து உள்வழி டீயை அடைக்கும், அல்லது அடிவண்டலில் கிடந்து இடத்தைத் தின்னும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய தொட்டி சீக்கிரமே நிறையும். உறிஞ்சும் லாரி வந்தாலும் நிம்மதியில்லை: வண்டல் குழாயில் ஏறும், துணி ஹோஸ் வாயில் சிக்கும். வைப்ஸ் போயிருப்பது தெரிந்தால் லாரிக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கொக்கி கொண்டுவருவார்.

"ஃப்ளஷபிள்" என்று போட்டிருக்கிறதே

சில பாக்கெட்டுகளில் கழிப்பறையில் போடலாம் என்றே அச்சிட்டிருக்கும். பிளாஸ்டிக் இல்லாமல் மரக்கூழும் விஸ்கோஸும் மட்டும் வைத்துச் செய்பவை உண்டு, அவை சாதாரண பேபி வைப்ஸைவிட மேல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குழாயைத் தாண்டிப் போவதும் குழாய்க்குள் கரைவதும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவில் ஒயிட் கிங் என்ற துடைப்பான் டாய்லெட் பேப்பரைப் போலக் கரையும் என்று சொல்லி விற்ற பென்டல் நிறுவனத்துக்கு 2018-இல் நீதிமன்றம் 7 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. மறு ஆண்டு கிம்பர்லி கிளார்க் மீது போட்ட இதேபோன்ற வழக்கு தள்ளுபடியானது. அந்த நிறுவனத்தின் வைப்ஸால் கேடு விளைந்ததை நிரூபிக்க முடியவில்லை. அதே 2019-இல் கனடாவின் ரையர்சன் பல்கலைக்கழகம் ஃப்ளஷபிள் என்று அச்சிட்ட 23 பொருள்களைச் சோதித்தது. டாய்லெட் பேப்பர் கரைவதுபோல ஒரு வைப்ஸ்கூட முழுதாகக் கரையவில்லை. அங்கெல்லாம் நேரான, சரிவு பார்த்துப் போட்ட குழாய்கள். நம் வீட்டுச் சங்கன் ஸ்லாபுக்குள் என்ன இருக்கிறது என்பது கட்டிய மேஸ்திரிக்குத்தான் தெரியும். என் தீர்ப்பு: எந்தச் சொல் அச்சிட்டிருந்தாலும் போடாதீர்கள்.

பின்னே எங்கே போடுவது

காலால் மிதித்துத் திறக்கும் மூடிக்கூடை டயப்பர் மாற்றும் இடத்திலும் ஒன்று, கழிப்பறைக்குள்ளும் ஒன்று. கழிப்பறையில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கூடை துடைக்கும் இடத்தில் இல்லாவிட்டால் கை கோப்பைக்குத்தான் போகும். திடமலத்தை மட்டும் கோப்பையில் தட்டிவிட்டு, வைப்ஸை டயப்பருக்குள்ளேயே வைத்துச் சுருட்டி, அதன் ஒட்டுநாடாவாலேயே ஒட்டி, பழைய செய்தித்தாளில் பொதிந்து போடுங்கள். வாடை வராது. நாப்கின், டயப்பர் போன்றவற்றைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. பொதியின் மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தால், குப்பை பிரிப்பவர் அதைத் திறந்து பார்க்க வேண்டியிருக்காது.

வீட்டில் இருக்கும்போது வைப்ஸே எதற்கு என்றும் யோசிக்கலாம். பழைய பருத்தி வேட்டியைச் சதுரமாகக் கிழித்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைத்து, அலசிக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைத்தால் குழந்தையின் தோலுக்கும் நல்லது, பைக்கும் நல்லது. வேலைக்குப் போகும் தாய்க்கு இது எல்லா நாளும் நடக்காது, தெரியும். பயணத்துக்கும் இரவுக்கும் வைப்ஸ், பகலில் துணி என்று பிரித்துக்கொள்ளலாம். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு பெட்பேனும் ஒரு குவளை நீரும் வைத்துச் சமாளிக்க முடிகிற வரை அதுவே போதும். ஹோம் நர்ஸ் மாறும்போதெல்லாம் மருந்து நேரத்தோடு சேர்த்து இதையும் சொல்லுங்கள்: எது கோப்பையில் போகலாம், எது கூடையில். கழிப்பறைச் சுவரில் ஒட்டும் தாளைவிட நேரில் சொல்லும் ஒரு வார்த்தைக்குப் பலன் அதிகம்.

குழிக்குள் ஆள் இறங்க வேண்டாம்

கடைசியாக, அடைப்பு மேலிருந்து கம்பிக்கு எட்டாத நிலைக்குப் போய்விட்டால் நடப்பதைப் பற்றி. வைப்ஸ் கயிறு கம்பியால் வராதபோது, "கொஞ்சம் இறங்கி கையால இழுத்தா வந்துடும்" என்று யாராவது சொல்வார். செப்டிக் டேங்கிலும் மேன்ஹோலிலும் தேங்குவது ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும். அழுகிய முட்டை வாடை வருகிற வரை ஆள் உஷாராக இருப்பார். வாயு அதிகமானால் மூக்கு மரத்து அந்த வாடையே தெரியாது. பிறகு சில நொடிகளில் சுருண்டு விழுவார், தூக்கப் போகிறவரும் கூடவே. தமிழ்நாட்டில் இப்படி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை நாம் படிக்காத வருடம் இல்லை.

2013-ஆம் ஆண்டின் சட்டம் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறை குற்றத்துக்கே 2 ஆண்டுவரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கச் சொல்லும் வீட்டுக்காரரும் அசோசியேஷன் செயலாளரும் இதில் மாட்டுவார்கள், கான்ட்ராக்டர் மட்டுமல்ல. இறப்புக்கான இழப்பீட்டை 2014-இல் 10 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

ஆகவே ஜெட்டிங் வண்டிக்கோ உறிஞ்சும் லாரிக்கோ ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தாலும் காத்திருங்கள். அதுவரை பக்கத்து வீட்டுக் கழிப்பறையைக் கேளுங்கள். எங்காவது ஆளை இறக்குவதைப் பார்த்தால் 14420 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். வந்தவர் தானாகவே சட்டையைக் கழற்றி "நான் இறங்கிப் பார்த்துடுறேன்" என்றாலும், வந்ததற்கான கூலியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.